தூர இருந்து கற்றலும் கூடிப் பணியாற்றலும்



எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "மண்டபம் திறந்து கனகாலமாகிவிட்டது. பிள்ளைகள் நேரே வந்து படிக்கிறார்கள். இனியும் ஏன் இந்தக் கணினி வகுப்பு?" என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. எமது தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் எல்லோரும் சம்பளமின்றிப் பணியாற்றும் தொண்டர்கள். சனிக்கிழமை காலை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் நின்று படிப்பித்தவர்கள், அன்று மாலையே வீட்டில் திரைக்கு முன்னால் மீண்டும் அமர்வது இலேசான காரியமன்று.

அக்கேள்விக்கு நாம் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு தாயார் எழுந்தார். "நாங்கள் ஐந்து மணித்தியாலம் கார் ஓடித்தான் கோயிலுக்கு வாறனாங்கள். வருசத்திலை இரண்டு தரம் வந்தால் பெரிய காரியம். அந்த வகுப்பும் இல்லையெண்டால் பிள்ளைக்குத் தமிழ் என்னோடை முடிஞ்சுபோம்" என்றார். மண்டபம் சிறிது நேரம் அமைதியாகிவிட்டது. இறுதியில், தூர வகுப்பைத் தொடர்வதா விடுவதா என்பதை அடுத்த தவணைக்கு முன் ஆராய்ந்து முடிவு செய்வதென்றும், அதற்கு முன்னர் இக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, எதற்கு உதவும், எதற்கு உதவா என்பதை நாம் இவ்விதழில் பாடமாக எழுதுவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. அப்பாடமே இது. இதன் சுருக்கம் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பகுதியிலும் இடம்பெறுகின்றது. ஆயினும் பெற்றோர் தமிழில் முழுவதையும் வாசிக்க வேண்டுமென்பது எமது விருப்பம்.

வானொலிப் பள்ளிக்கூடம்

தூர இருந்து படிப்பிப்பது கணினியோடு வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் வந்து குடியேறிய இந்த அவுஸ்திரேலிய மண்ணிலேயே அது 1951ஆம் ஆண்டில் வானொலி மூலம் நடந்திருக்கிறது. நாட்டின் நடுப்பகுதியான பாலைநிலத்தில், ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேலும் வெளி கிடக்கும். அங்கு வைத்தியரை அழைப்பதற்கு அல்பிரட் ட்ரேகர் என்னும் அடிலெய்ட் நகரத்துப் பொறியியலாளர் ஒரு வானொலியைச் செய்து கொடுத்தார். சைக்கிள் மிதிப்பது போலக் காலால் மிதித்தால் அதற்கு வேண்டிய மின்சாரம் பிறக்கும். 1929இல் இது பாவனைக்கு வந்தது. பறக்கும் வைத்தியர் சேவைக்கென வந்த இவ்வானொலியைப் படிப்பிப்பதற்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணியவர் அடிலெயிட் மீத்கே என்னும் அம்மையார். கல்விப் பணியில் மூத்தவரான அவருடைய முயற்சியால் 1951 ஜூன் 8ஆம் திகதி அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் முதலாவது வானொலிப் பள்ளிக்கூடம் தொடங்கியது.

தொடக்கத்தில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். சிறிது காலத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் திருப்பிக் கேள்வி கேட்பதற்கு நேரம் ஒதுக்கினார்கள். எழுத்து வேலை தபாலில் போய்த் தபாலில் திரும்பி வரும். வானொலியின் இடத்திற்குப் பின்னர் செய்மதியும் இணையமும் வந்துவிட்டன. இன்றும் அப்பள்ளி நடக்கின்றது. அது பணியாற்றும் நிலப்பரப்பு ஏறக்குறைய 13 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையைப் போல இருபது மடங்கு.

இக்கதையை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம், அப்பள்ளியில் இயந்திரத்தைத் தவிர வேறு இரண்டு விடயங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகில் வீட்டு ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தாயார். சில வீடுகளில் அதற்கென அமர்த்தப்பட்டவர். ஆசிரியர் திரையில் தோன்றும் நேரம் நாளில் சிறு பகுதிதான். மீதி நேரம் முழுவதும் பாடத்தை நடத்துபவர் அந்த வீட்டு ஆசிரியரே. மற்றது, ஆசிரியர்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். பிள்ளைகளும் வருடத்தில் சில தடவை நகருக்கு வந்து ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். எழுபது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவர்கள் இவ்விரண்டையும் கைவிடவில்லை. நாமோ 2020இல் அவசரத்தில் தொடங்கியபோது இவ்விரண்டையுமே யோசிக்கவில்லை.

2020இல் நடந்தது

அவ்வருடம் மார்ச் 23ஆம் திகதி நண்பகலோடு நாடு முழுவதும் வழிபாட்டுத் தலங்கள் பூட்டப்பட்டன. கோயிலோடு மண்டபமும் பூட்டு, மண்டபத்தோடு பாடசாலையும் பூட்டு. இரண்டு வாரத்தில் நாம் 'சூம்' என்னும் செயலியில் வகுப்புகளைத் தொடங்கினோம். நாம் மட்டுமா? அந்நிறுவனம் தானே வெளியிட்ட கணக்கின்படி, 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த கூட்டப் பங்குபற்றுநர் தொகை 2020 மார்ச்சில் இருபது கோடியாக ஏறியது.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சமாளித்தார்கள். பாலர் வகுப்பு விழுந்துவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகளில் தவணை முடிவில் ஆறு பேர்தான் மிஞ்சினர். ஆசிரியை 'அ' எழுதிக் காட்டுவார். பிள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கையைப் பிடித்து எழுதுவிக்க வழியில்லை. மிஞ்சிய ஆறு பேரையும் பின்னர் விசாரித்துப் பார்த்தோம். ஆறு வீட்டிலும் பிள்ளைக்கு அருகில் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். மூன்று வீடுகளில் அம்மம்மா, ஒரு வீட்டில் அப்பப்பா. அலிஸ் ஸ்பிரிங்ஸ்காரருக்கு 1951இலேயே தெரிந்தது எமக்கு இவ்வளவு செலவில் தெரியவந்தது.

குரல் பிந்தி வருவது ஏன்?

இப்போது கருவியின் உள்ளே சிறிது பார்ப்போம். திரையில் நாம் பேசும்போது எமது குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரியிட்ட கடிதம் போல இணையத்தில் அனுப்பப்படுகின்றது. மறுபக்கத்தில் அவை ஒழுங்காக அடுக்கப்பட்டு மீண்டும் குரலாகின்றன. வெட்டவும், அனுப்பவும், அடுக்கவும் நேரம் வேண்டும். ஒரு பக்கப் பயணம் 0.15 விநாடிக்குள் முடிந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கிறது. 0.4 விநாடிக்கு மேற்பட்டால் ஒருவரையொருவர் இடைமறித்துக்கொண்டே இருப்போம்.

நாட்டுப்புறத்தில் வாழும் எமது குடும்பங்கள் சிலவற்றுக்குச் செய்மதி இணையமே கிடைக்கின்றது. பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும், மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் விநாடி ஆகும். ஆசிரியர் கேள்வி கேட்டுப் பிள்ளையின் பதில் வந்து சேர அரை விநாடிக்கு மேல். எனவே அப்பிள்ளை எப்போதும் பிந்திப் பதில் சொல்வது போலத் தோன்றும். வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்லும் நகரத்துப் பிள்ளைக்கே பாராட்டுக் கிடைக்கும். மந்தமான பிள்ளை என்று ஓர் ஆசிரியர் எண்ணிய ஒரு மாணவன், உண்மையில் செய்மதிக்குப் பின்னால் இருந்த கெட்டிக்காரன் என்பது எமக்குத் தெரியவர ஒரு தவணை சென்றது. இப்போது பெயர் சொல்லி அழைத்து, ஐந்து எண்ணும் வரை காத்திருக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறோம். தாழ்வாகப் பறக்கும் செய்மதிகள் வழியான இணையம் 2021 முதல் இந்நாட்டிலும் கிடைப்பதால் சில வீடுகளில் இக்குறை நீங்கியுள்ளது.

பண்ணிசை வகுப்பிற்கு வந்த இடைஞ்சல் இதிலும் பெரிது. தேவாரத்தை எல்லோரும் சேர்ந்து பாடுவதே எமது வழக்கம். கணினியில் அது முடியாது. ஒருமித்துப் பாடுவோர் ஒருவர் குரலை மற்றவர் 0.03 விநாடிக்குள் கேட்க வேண்டும். காற்றில் அது பத்து மீற்றர் தூரம். நகரத்துக்குள்ளேயே இணையத்தில் அதைவிடக் கூடுதலான நேரம் பிடிக்கும். ஆளுக்கொரு இடத்தில் நிற்கப் பாட்டு இழுபடும். முதல் நாள் வகுப்பில் இருபது பிள்ளைகளும் ஒன்றாகப் பாடியபோது எழுந்த சத்தத்தை நாம் இங்கு எழுத விரும்பவில்லை.

இன்னொரு புதினம்: பண்ணிசை ஆசிரியர் சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடினார். பிள்ளைகளுக்குச் சுருதி கேட்கவேயில்லை. இணைப்பில் கோளாறு என்று எண்ணிக் கம்பிகளை மாற்றினோம், பெட்டியை மாற்றினோம். கடைசியில் தெரிந்தது என்னவென்றால், மின்விசிறி, குளிரூட்டி போன்ற ஒரே சீரான சத்தங்களை இரைச்சல் என்று கொண்டு நீக்கிவிடும்படி அச்செயலி அமைக்கப்பட்டிருக்கிறது. சுருதியும் ஒரே சீரான ஒலிதானே! அதையும் விசிறியென்று எண்ணித் துடைத்துவிட்டது. ஒலி அமைப்புப் பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசீஷியன்ஸ்' என்றொரு தெரிவு உண்டு. அதை இயக்கிய பின்னரே சுருதி திரும்பி வந்தது. வீட்டில் வீணை, வயலின் பயில்வோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

இப்போது பண்ணிசை வகுப்பில் ஆசிரியர் ஓர் அடியைப் பாட, ஒரு பிள்ளை மட்டும் ஒலிவாங்கியைத் திறந்து திருப்பிப் பாடுகின்றது. மற்றவர்கள் தமது ஒலிவாங்கியை மூடிவிட்டுத் தம் வீட்டில் கூடவே பாடுகின்றனர். கிழமை நடுவில் ஒவ்வொரு பிள்ளையும் தான் பாடியதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஆறுதலாகக் கேட்டு, பிழையான இடத்தைத் தாமே பாடிப் பதிந்து திருப்பி அனுப்புகிறார். மண்டப வகுப்பில் ஒரு பிள்ளையின் தனிக்குரலைத் தாம் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று அவ்வாசிரியரே எம்மிடம் சொன்னார்.

படம் உறைந்து நிற்பதாகப் பலர் முறையிடுகின்றனர். தெளிவான படம் அனுப்ப விநாடிக்கு ஏறக்குறைய 12 இலட்சம் பிட்டு வேண்டும். குரலுக்கு ஓர் இலட்சமும் வேண்டியதில்லை. ஆகவே இணைப்பு இடறினால் முதலில் படத்தை நிறுத்துங்கள், குரல் தப்பிவிடும். அத்துடன், வீட்டு இணையத் திட்டங்களில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் பெரும்பாலும் மிகக் குறைவு. அக்கா பல்கலைக்கழக வகுப்பிலும், அப்பா அலுவலகக் கூட்டத்திலும், தம்பி தமிழ் வகுப்பிலுமாக மூவரும் ஒரே வேளை படம் அனுப்பினால் இடறத்தான் செய்யும்.

நேரமும் கடிகாரமும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எமது உயர்வகுப்புக்கு இலக்கணம் கற்பிக்கிறார். சிட்னியில் மாலை 5 மணி என்றால் அவருக்குப் பகல் 12.30. ஒக்டோபர் முதல் ஞாயிறு இங்கு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன் தள்ளுகிறோம். இலங்கையில் அவ்வழக்கம் இல்லை. அன்றிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை எமது 5 மணி அவருக்கு 11.30 ஆகிவிடும். முதல் வருடம் இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் வந்தபோது வகுப்பில் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, எமக்குத்தான் வெட்கமாயிருந்தது. குயின்ஸ்லாந்துக் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்: அங்கும் கடிகாரம் மாறுவதில்லை. கணினி நாட்காட்டியில் கூட்டத்தைப் பதிந்து அழைப்பாக அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்திலேயே அது தோன்றும். செய்தியில் "மாலை 5 மணி" என்று மட்டும் எழுதுவதை நாம் நிறுத்திவிட்டோம்.

உபயப் பட்டியலில் வந்த வில்லங்கம்

கல்வியை விட்டு இனிச் சங்கப் பணிக்கு வருவோம். இதை எழுதுவது எமக்குச் சங்கடமே. ஆனால் பாடம் இங்குதான் இருக்கிறது.

மகோற்சவ உபயகாரர் பட்டியலைச் செயலாளர் ஒரு கோப்பாகத் தட்டெழுதி மின்னஞ்சலில் ஐந்து பேருக்கு அனுப்பினார். ஐவரும் தத்தம் கணினியில் இறக்கி, தமக்குத் தெரிந்த திருத்தங்களைச் செய்து திருப்பி அனுப்பினர். 'உபயம் புதியது', 'உபயம் கடைசி', 'உபயம் கடைசி திருத்தியது' என்று ஒரு கிழமையில் ஏழு கோப்புகள். அச்சுக்குப் போனது ஐந்தாவது. அதில் ஐந்தாம் திருவிழா, பல வருடமாக அதைச் செய்துவந்த குடும்பத்துக்கும் புதிதாகக் கேட்ட ஒரு குடும்பத்துக்கும் ஆக இருவருக்கும் உறுதி செய்யப்பட்டிருந்தது. புதியவர்களின் பெயர் அச்சில் வந்துவிட்டது. பழைய குடும்பத்துப் பெரியவர், காலஞ்சென்ற தம் துணைவியாரின் நினைவாக அவ்வுபயத்தைச் செய்துவந்தவர், கொடியேற்றத்திற்கே வரவில்லை. நாம் மூவர் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேநீர் தந்தார், கோயிலுக்கு மீண்டும் வர எட்டு மாதம் சென்றது. பிழை செயலாளருடையது என்று எவரும் எண்ண வேண்டாம். ஒரே பட்டியலுக்கு ஏழு உருவம் இருக்கவிட்டது சபை முழுவதினதும் பிழை.

இதற்கு மருந்து, பட்டியல் ஓரிடத்தில் மட்டுமே இருப்பதும், எல்லோரும் அங்கு வந்து எழுதுவதுமாகும். கூகுள் டொக்ஸ், கூகுள் ஷீற்ஸ், மைக்ரோசொப்ற் 365 போன்றவை அதற்கானவை. கோப்பு எவருடைய கணினியிலும் இல்லை. நிறுவனத்தின் சேவைக்கணினியில் இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் யன்னல் வழியாகப் பார்ப்பது போல அந்த ஒன்றையே பார்க்கிறோம். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்முன்னே தோன்றும். இவ்வெண்ணமும் பழையதே. 1968 டிசெம்பர் 9ஆம் திகதி டக்ளஸ் எங்கல்பாட் என்னும் ஆராய்ச்சியாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையிலிருந்து, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த தம் ஆய்வுகூடத்து நண்பரோடு ஒரே திரையில் ஒரே ஆவணத்தைப் பார்த்து வேலை செய்து காட்டினார். கணினியின் 'மவுஸ்' பொதுமக்கள் முன் தோன்றியதும் அன்றுதான். சாதாரண வீடுகளுக்கு அவ்வசதி கூகுள் மூலம் வந்தது 2006ஆம் ஆண்டு.

ஓர் ஆவணத்தில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை இக்கருவிகள் சேமித்து வைத்திருக்கும். 'வேர்ஷன் ஹிஸ்றி' என்னும் பகுதியில் முந்திய நிலையைப் பார்க்கலாம், வேண்டுமானால் அதற்கே திரும்பலாம். இதைக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொண்டு சிலர் முகஞ்சுளித்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணக்குக் கொப்பியில் வெட்டித் திருத்தினால் பக்கத்தில் கையொப்பம் வைப்பதுதானே எமது பொருளாளர்களின் பழக்கம்? அதேதான் இது. ஒரேயொரு கட்டுப்பாடு வைத்துள்ளோம்: எல்லோரும் பார்க்கலாம், குறிப்பும் எழுதலாம், மாற்றும் அதிகாரம் மூவருக்கு மட்டும்.

எழுத்துருச் சிக்கல்

பழைய கோப்புகளை இவ்விதம் மாற்றப்போனபோது வேறொரு தடை வந்தது. எமது சங்கத்தின் பழைய அறிக்கைகள், பாடக் குறிப்புகள், திருவிழா மலர்க் கட்டுரைகள் அனைத்தும் 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். காரணம் எளிது. பாமினியில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தையே. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, வேடம் கட்டிய நடிகரைப் போல. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கே தனி எண்கள் உண்டு. எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் அகப்படும். 1991இல் வெளிவந்த யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் சாதாரணக் கணினிகளிலும் வேலை செய்தது. ஆயினும் நாம் பழக்கத்தை விடாமல் பாமினியிலேயே இன்னும் பல வருடம் எழுதிக்கொண்டிருந்தோம்.

பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் இருந்து வாசித்துத் திருத்த வேண்டும். இப்பணியை எமது உயர்வகுப்பு மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். பழைய மலர்க் கட்டுரையொன்றைத் திருத்திக்கொண்டிருந்த மாணவி, அதை எழுதியவர் தன் பாட்டனார் என்று கண்டுகொண்டு அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். தமிழில் ஒரு முழுக் கட்டுரையை அவர் வாசித்தது அதுவே முதற்தடவையாம்.

வட்ஸ்அப் குழுவில் முடிவு எடுப்பது

வட்ஸ்அப் இல்லாத வீடு இல்லை. முதியவர்களுக்கு அதிலுள்ள குரல் பதிவு பெரிய வரப்பிரசாதம்; தட்டெழுதத் தேவையில்லை, கண்ணாடி தேவையில்லை. அறிவித்தல் கொடுக்கவும் அது நல்லது. ஆனால் முடிவெடுக்க அது ஏற்ற இடமன்று என்பதே எமது அபிப்பிராயம். அன்னதானத்திற்கு அரிசி எவ்வளவு என்று காலையில் கேட்ட கேள்விக்கு மாலையில் பதில் வரும்போது, இடையில் நாற்பது காலை வணக்கமும், மூன்று பிறந்தநாள் வாழ்த்தும், ஒரு கைவைத்தியமும் சேர்ந்துவிடும். ஒருவர் இரண்டு மூட்டை என்றார், மற்றவர் 'சரி' என்று பெருவிரலைக் காட்டினார். அவர் சரி என்றது எதற்கு என்பதில் மடப்பள்ளியில் தர்க்கம் வந்தது. ஆகவே அறிவித்தலுக்கென ஒரு குழு, அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். கதைப்பதற்கென வேறொரு குழு. பணம், பொறுப்பு, திகதி ஆகிய மூன்றும் பொது ஆவணத்தில் எழுதப்பட்டாலே முடிவாகும். எழுத்தில் கேட்ட கேள்வி சூடாக மாறுவதுபோலத் தெரிந்தால், மூன்றாவது செய்தியை எழுதாமல் தொலைபேசி எடுங்கள்.

பாதுகாப்பு

வகுப்பு இணைப்பை முகநூலில் போடாதீர்கள். 2020இல் உலகெங்கும் அந்நியர் கூட்டங்களுக்குள் புகுந்து அசிங்கம் செய்த பின்னரே, அவ்வருடம் ஏப்ரலில் சூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே அமைத்துவிட்டது. காத்திருப்பு அறையில் பெயர் தெரியாத எவரையும் நாம் உள்ளே விடுவதில்லை. எனவே பிள்ளை அப்பாவின் கணினியில் வந்தால் பெயரை மாற்றிக்கொண்டு வரவும். ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியரோடு இன்னொரு பெரியவர் இருப்பார். பிள்ளைகளின் முகம் உள்ள பதிவுகளைப் பெற்றோர் சம்மதமின்றி நாம் வைத்திருக்க மாட்டோம்.

பொருளாளர் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள இலக்கத்தில் அவரை அழைத்துக் கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள இலக்கத்தில் அல்ல.

இன்னொன்று, சேவைகள் நிரந்தரமல்ல. 2003 முதல் ஊரிலுள்ள உறவுகளோடு எம்மை இணைத்த ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி நிறுத்தப்பட்டது. பழைய உரையாடல்களை எடுத்து வைக்காதவர்கள் இழந்தனர். முக்கியமான ஆவணங்களின் படியொன்றைச் சங்கக் கணினியிலும் வேறொரு சேமிப்புக் கருவியிலும் வருடம் இருமுறை எடுத்து வைக்கிறோம்.

எமது பரிந்துரை

தூர வகுப்பை எல்லோருக்குமாக நடத்துவதில் பயனில்லை என்பது எமது கருத்து. மண்டபத்துக்கு வரக்கூடிய பிள்ளைகள் மண்டபத்துக்கே வரட்டும். மழை, விளையாட்டுப் போட்டி என்ற காரணங்களுக்காகத் திரைக்கு மாறுவதை ஊக்குவிக்க மாட்டோம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூரத்தில் வாழும் குடும்பங்களுக்கு மட்டும், ஏறக்குறைய பதினொரு பிள்ளைகளுக்கு, தனி வகுப்பொன்று வைக்கலாம். கிழமைக்கு ஒருமுறை 40 நிமிடம். சூமின் இலவசக் கணக்கு அந்த நேரத்தோடு துண்டித்துவிடும் என்பது ஒருபுறம். சிறு பிள்ளை அதற்கு மேல் திரையைப் பார்த்திருக்காது என்பது மறுபுறம். மீதி, குரல் பதிவும் எழுத்து வேலையும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வீட்டு ஆசிரியராகப் பெயர் தர வேண்டும். அவருக்கு ஆசிரியர் கிழமைதோறும் பத்து நிமிடம் தொலைபேசியில் ஒதுக்குவார். தேர்த் திருவிழாவை ஒட்டியும், விசயதசமி ஏடு தொடக்கலின் போதும் அப்பிள்ளைகள் இரண்டு நாள் இங்கு தங்கிப் படிக்க, நகரத்துக் குடும்பங்கள் தம் வீட்டில் இடம் தர வேண்டும். இதுவரை ஏழு குடும்பங்கள் முன்வந்துள்ளன. இன்னும் நான்கு வேண்டும். ஆசிரியர்கள் இருவர் மாறி மாறி எடுப்பதால் சனிக்கிழமைச் சுமையும் குறையும். கேள்வி கேட்ட அந்தத் தகப்பனாரும் இவ்வொழுங்குக்கு உடன்பட்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுப் பயிற்சி

அடுத்த இதழ் வருமுன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இவற்றைச் செய்து பாருங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையை ஏற்றி, ஊரிலுள்ள ஒருவருக்கு நான்கு வரி எழுதுங்கள். பிள்ளை தட்டெழுத, பெரியவர் சொல்லிக் கொடுக்கட்டும். அம்மம்மா அல்லது அப்பப்பா ஒரு தேவாரத்தைப் பாடப் பிள்ளை அதைப் பதிந்து, இரைச்சலின்றிக் கேட்கிறதா என்று பார்க்கட்டும். உங்கள் வீட்டில் உள்ள பழைய பாமினிக் கோப்புகள், சிறுகதையோ கலியாண அழைப்போ எதுவாயினும், உயர்வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். ஞாயிறு பகல் பூசைக்குப் பின் மண்டபத்தின் வாசிகசாலைப் பக்கம் இரண்டு மாணவர்கள் மடிக்கணினியோடு இருப்பார்கள். தங்க இடம் தர விரும்புவோரும் அதே மேசையில் பெயரைப் பதியலாம்.